மோர்மன் நூல் ஹவாய் மொழி பெற்ற வரலாறு

பொன் தேடி நாற்றிசை மக்களும் வந்து குவிந்த சன் பிரான்சிஸ்கோ நகரில், 1855 ஆம் ஆண்டிலே, ஒரு நூல் அச்சேறியது. அந்நகரில் அதனை வாங்கிப் படிக்க வல்லார் மிக அரியர். அதன் எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த அச்சுத் தொழிலாளரும் அந்நூலின் மொழியைக் கற்றவரல்லர். படிக்க வேண்டியவரோ பசிபிக் மாகடலின் நடுவே, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், ஹவாய்த் தீவுகளிலே வாழ்ந்தனர். நூலின் பெயர் 'கா புக்கே ஆ மோரமோனா' என்பது. மோர்மனின் நூல் என்பது அதன் பொருள். இப்பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. அதில் 'கா' என்பதும் 'ஆ' என்பதுமே ஹவாய் மக்களின் பழஞ்சொற்கள். எஞ்சிய இரண்டும் புறத்தேயிருந்து வந்து, அத்தீவுகளின் ஒலிமுறைக்கு இசையத் தம் உருவை மாற்றிக்கொண்டவை.

ஒரு நாட்டிலே, ஒரு காலத்திலே தோன்றிய சமய நூலை வேறொரு நாட்டவர்க்கும் வேறொரு காலத்தவர்க்கும் உரைப்பது எங்ஙனம் என்னும் வினா எல்லாச் சமயங்கட்கும் பொதுவானது. மோர்மன் நூலைப் பொறுத்தவரை இவ்வினா கூர்மை மிக்கது. பிற்காலத்து மக்கள் படித்தற்கென்றே முன்னோரால் எழுதி மறைத்து வைக்கப்பட்டது என்று தன்னைப்பற்றிக் கூறும் நூல் அது. கேட்போர்க்கு விளங்காவிடின் அதன் நோக்கமே பழுதாகிவிடும்.

நூல் பிறந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, நியூ யோர்க் மாநிலத்தின் பல்மைரா என்னும் சிற்றூரின் அயலில், எளிய உழவர் குடும்பமொன்றைச் சேர்ந்தவர் யோசப் ஸ்மித். அவர் 1805 ஆம் ஆண்டிற் பிறந்தவர். தேவதூதன் ஒருவன் வழிகாட்டக் குன்றொன்றிற் புதைந்து கிடந்த பொற்றகடுகளை 1827 ஆம் ஆண்டிற் பெற்றதாகவும், அவற்றிற் பொறித்திருந்தவற்றைத் தெய்வ அருளால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததாகவும் அவர் கூறினார். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். எருசலேமை விட்டுக் கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு அமெரிக்காக் கண்டத்தை அடைந்த ஒரு குடும்பத்தின் கதையை அந்நூல் கூறுகின்றது. அக்குடும்பத்தார் நேபியர், லாமானியர் என இரு கூறாய்ப் பிரிந்து போரிட்டதையும், உயிர்த்தெழுந்த கிறிஸ்து அவர்களிடையே தோன்றிப் போதித்ததையும், இறுதியில் நேபியர் குலம் அழிந்ததையும் அது விரிக்கின்றது. அக்குலத்தின் ஏடுகளைத் தொகுத்துச் சுருக்கியவனாகக் கூறப்படும் மோர்மன் என்பவனின் பெயரே நூலுக்குப் பெயராயிற்று. இவ்வரலாற்றை அச்சபையார் உண்மை நிகழ்ச்சியாகவே கொள்வர். தொல்பொருளாய்வாளரும் பிற வரலாற்றறிஞரும் அங்ஙனம் கொள்வதில்லை.

1830 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பல்மைராவில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் 5,000 படிகள் அச்சாயின. அதற்கான கூலி 3,000 டொலர். மாட்டின் ஹரிஸ் என்னும் உழவர் தம் நிலத்தை ஈடுவைத்து அத்தொகைக்குப் பொறுப்பேற்றார். பின்னர் அந்நிலத்தின் ஒரு பகுதி விலைப்பட்டே போயிற்று. கையெழுத்துப் படியில் நிறுத்தக் குறிகளே இருக்கவில்லை. எங்கே வசனம் முடிகின்றது, எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதை அச்சுக்கோத்த ஜோன் கில்பேட் என்பவரே தீர்மானித்துக் குறிகளை இட்டார். அவர் அச்சமயத்தைச் சேர்ந்தவருமல்லர். படிப்போர்க்கு அந்நூலை எளிதாக்கும் பணி இவ்வாறு முதற் பதிப்பிலேயே, அதுவும் புறத்தார் ஒருவர் கையாலேயே, தொடங்கியது எனலாம்.

நூலின் நடை அக்காலத்துப் பேச்சு நடையன்று. 1611 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் பழைய நடையே அதன் நடை. 'அப்பொழுது சம்பவித்தது யாதெனில்' என்னும் பொருள்பட்ட தொடக்கம் மாத்திரம் அதில் ஆயிரம் முறைக்கு மேல் வருகின்றது. வேதாகமத்தை வீட்டில் நாடோறும் ஓதிவந்த அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் இந்நடை அயலாகத் தோன்றவில்லை. 1851 ஆம் ஆண்டில் டேனிய மொழியிலும், 1852 ஆம் ஆண்டில் பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலியம், வெல்சு ஆகிய மொழிகளிலும் நூல் வெளியாயிற்று. அந்நாட்டவர்க்கெல்லாம் பல நூற்றாண்டுப் பழக்கமுள்ள வேதாகமம் இருந்தது. ஏற்ற சொற்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. ஹவாய்த் தீவுகளின் நிலை வேறு.

1850 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் ஹொனலூலுத் துறைமுகத்தில் மோர்மன் ஊழியர் பதின்மர் வந்திறங்கினர். கலிபோர்ணியாவின் பொன்வயல்களில் மண் அரித்துக்கொண்டிருந்த அவர்களைச் சபைத் தலைவர்கள் ஊழியத்துக்கு அனுப்பியிருந்தனர். அவருள் ஒருவர் ஹென்றி பிக்லர். 1848 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட நாளைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்து, வரலாற்றாசிரியர்க்கு அந்நாளை உறுதிப்படுத்தித் தந்தவர் இவரே. மற்றொருவர் ஜோர்ஜ் கனன். இங்கிலாந்தின் லிவர்பூலிற் பிறந்தவர். அப்போது 23 வயதினர். இவ்விருவரும் வேறொருவருமாக மாவுயித் தீவின் லஹைனா நகருக்குச் சென்றனர்.

வந்தவர்கள் எதிர்பார்த்தது வெள்ளையருக்குப் போதிப்பதையே. ஆயின் தீவுகளில் வெள்ளையர் சிலரே. இருந்தவரும் கப்பற்காரர், வணிகர், தோட்டக்காரர் எனத் தத்தம் அலுவலில் மூழ்கியவர். புதிய வேதம் கேட்க வந்தவரல்லர். சில கிழமைகளுக்குள் கூட்டங்கள் வெறிதாயின. 'நம் பணி முடிந்தது, திரும்பிவிடுவோம்' என்று பதின்மரில் ஒரு பகுதியினர் கப்பலேறினர். ஹவாய் மக்களுக்குப் போதிப்பதாயின் அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். அதற்கோ அவர்களுக்குப் பொறுமையில்லை. கனன் போக மறுத்தார். அம்மொழியைக் கற்று அம்மக்களுக்கே உரைப்பது என முடிவுசெய்து, வீட்டுக்காரருடனும் அயலாருடனும் நாள் முழுதும் பேசிப் பழகினார். மொழியை விரைவில் விளங்கிக்கொள்ளும் வரம் தமக்கு அருளப்பட்டதென அவர் நம்பினார். அஃது எவ்வாறாயினும், திரும்பிச் சென்றவர்க்கும் எஞ்சி நின்றவர்க்கும் இருந்த வேற்றுமை இம்முடிவொன்றே.

ஹவாய் மக்களை எழுத்தறியாத மக்களென எண்ணுதல் தவறு. 1820 ஆம் ஆண்டில் அமெரிக்கப் புரட்டஸ்தாந்துப் பாதிரிமார் அங்கு வந்த பின், அம்மொழிக்கு எழுத்து வகுக்கப்பட்டது. உயிர் ஐந்து, மெய் ஏழு ஆகப் பன்னிரண்டே எழுத்துக்கள். 247 எழுத்துக்களைச் சிறுவயதிற் சுவரோடு சாய்ந்து பாடம் பண்ணியவர்க்கு இது பொறாமை தரும் கணக்கு! எழுத்துக்கள் சிலவாதலாற் கற்றல் எளிதாயிற்று. முதியோரும் இளையோரும் பள்ளி நாடினர். 1831 ஆம் ஆண்டிலே லஹைனாவுக்கு மேலேயுள்ள குன்றில் லஹைனாலூனா என்னும் உயர்கல்விச்சாலை எழுந்தது. 1839 ஆம் ஆண்டில் வேதாகமம் முழுவதும் ஹவாய் மொழியில் நிறைவெய்தியது. ஆகவே கனன் வந்தபோது அம்மக்கள் தம் மொழியில் அச்சிட்ட நூலைப் படிப்பவராயும், நல்ல நடையையும் தீய நடையையும் பிரித்தறிபவராயும் இருந்தனர். வேற்று நாட்டான் ஒருவன் அரைகுறையாய் மொழிபெயர்த்து ஒரு நூலைக் கொடுப்பின், அதனைப் படித்து நகைக்க வல்லவர் ஊர்தோறும் இருந்தனர். எதிர்ச் சபையாரோ அந்நகைப்புக்குக் காத்திருந்தனர்.

இந்நிலையிற்றான் வைலுக்கு என்னும் ஊரில் யோனத்தான் நாப்பேலாவைக் கனன் சந்தித்தார். 1851 ஆம் ஆண்டு அது. நாப்பேலா தலைவர் குடியிற் பிறந்தவர், லஹைனாலூனாவின் தொடக்க கால மாணவருள் ஒருவர், அவ்வூரின் நீதிபதி. கனனிலும் பதினான்கு ஆண்டு மூத்தவர். செல்வமும் கல்வியும் செல்வாக்கும் ஒருங்கே வாய்ந்த ஒருவர், கையிற் காசின்றி நடந்து வந்த இளைஞன் ஒருவனை வீட்டில் ஏற்று உணவும் உறைவிடமும் கொடுத்தார். இதனைப் பொறாத உள்ளூர்ப் பாதிரியார், நாப்பேலா சபையினின்று நீக்கப்படுவார் என்றும் நீதிபதிப் பதவியை இழக்க நேரும் என்றும் அச்சுறுத்தினார். நாப்பேலா பின்வாங்கவில்லை. எனினும் உடனே புதிய சபையிற் சேர்ந்தவருமல்லர். கேட்டும் ஆராய்ந்தும் பல திங்கள் கழித்து, 1852 ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே முழுக்குப் பெற்றார்.

மொழிபெயர்ப்பு வேலை 1851 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கனன் கையாண்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. முதலிற் சில பக்கங்களை அவர் தாமே மொழிபெயர்ப்பார். பின் நாப்பேலாவுடன் அமர்ந்து, அப்பகுதியின் கருத்தை உரையாடலாய் விளக்குவார். அதன் பின்னரே தாம் எழுதியதை வாசிப்பார். மொழி எளிதாகவும் பிழையின்றியும் இருக்கின்றதா என்பதோடு அவர் அமையவில்லை. தம் உள்ளத்திலிருந்த கருத்து நாப்பேலாவின் உள்ளத்திற் சென்று சேர்ந்ததா என்பதையே அறிய விரும்பினார். 'இச்சொல் சரியா?' என்று கேட்டால் விருந்தினர் மனம் நோகாதபடி 'சரி' என்பது எந்நாட்டிலும் நல்லோர் இயல்பு. 'இதிலிருந்து தாங்கள் விளங்கிக்கொண்டது யாது?' என்று கேட்டால், உபசாரத்துக்கு இடமில்லை. கருத்துச் சேரவில்லையெனின் குறை கேட்டவரிடத்தில் அன்று, எழுதியவரிடத்திலேயே என்பதை ஒப்புக்கொள்ளும் முறை இது. மதம் பரப்பச் சென்ற அயல்நாட்டார் பலரிடம் இப்பணிவு அக்காலத்தில் மிகுதியாகக் காணப்படவில்லை.

நாப்பேலாவோடு கவுவாஹி என்பவரும் இவ்வேலையிற் பங்குகொண்டார். ஹவாய் மக்களிடையே சிறந்த நாவலர், கூரிய வாதி எனப் பெயரெடுத்தவர் அவர். ஒருவர் நிதானம் மிக்க நீதிபதி. மற்றவர் சொல்வன்மை மிக்க பேச்சாளர். ஒரு நூல் மக்களிடம் செல்லுமுன் இவ்விருவர் செவியிலும் தேறிச் செல்வதாயின் அதற்கு வேறு தேர்வு வேண்டுவதில்லை. 1853 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் முதல் வரைவு முடிந்தது. அதன் பின்னும் தொடக்கந்தொட்டு முழுவதையும் மீண்டும் வாசித்துத் திருத்தினர். அவ்வாண்டிலே தீவுகளிற் பெரியம்மை பரவி ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது என்பதையும் சேர்த்து எண்ணினால், எத்தகைய நாட்களில் இவ்வேலை நடந்ததென்பது புலப்படும்.

சொற்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஹவாய் மொழியில் இரு மெய்கள் அடுத்தடுத்து நில்லா. சொல்லின் இறுதியில் மெய் வராது. ஒவ்வோர் அசையும் உயிரிலேயே முடியும். எனவே மோர்மன் என்பது 'மோரமோனா' ஆயிற்று. அயற்பெயர்களை வாங்குங்காற் சொல்லிடையே உயிரைப் புகுத்தி எளிதாக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆயின் 'ர' என்னும் ஒலி அப்பன்னிரண்டு எழுத்துக்களுள் இல்லை. வேதாகமத்தை மொழிபெயர்த்த பாதிரிமார், அயற்பெயர்களுக்காக வேண்டிச் சில எழுத்துக்களை முன்னரே விலக்காக அனுமதித்திருந்தனர். கடவுளுக்கு 'அக்குவா' என்னும் பழஞ்சொல்லையும், முழுக்குக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லின் ஹவாய் உருவையும் அவர்களே நிலைநிறுத்திவிட்டனர். தம்மை எதிர்த்த சபையாரின் முப்பதாண்டு உழைப்பின்மேற் கனனும் நாப்பேலாவும் தம் நூலைக் கட்டினர் என்பதே உண்மை. இருதரத்தாரும் இதனை அன்று வெளிப்படையாகப் பாராட்டியிருப்பர் என எதிர்பார்த்தல் இயலாது.

நூலின் செய்தி அத்தீவினரைக் கவர்ந்தமைக்கு மொழி மாத்திரம் காரணமன்று. மோர்மன் நூலில் ஹகோத் என்னும் கப்பல் கட்டுவோன் ஒருவனைப் பற்றிய சிறு செய்தி உண்டு. அவன் கட்டிய கலங்கள் மேற்குக் கடலிலிருந்து மக்களை ஏற்றிச் சென்றன. சில மீண்டும் வரவில்லை. அவ்வாறு போனவரின் வழித்தோன்றல்களே பசிபிக் தீவினர் என்னும் கருத்து மோர்மன் ஊழியரிடையே வேரூன்றியது. 'இந்நூல் உம் முன்னோரின் நூல்' என்று கூறப்பட்டபோது, ஹவாய் மக்கள் பலர் மனமுருகினர். வெள்ளையர் கொணர்ந்த நோய்களால் ஆண்டுதோறும் தொகை குறைந்து, நிலத்தையும் பறிகொடுத்துவந்த மக்களுக்கு, நீங்கள் இஸ்ரவேலின் குலத்தவர், மறக்கப்பட்டவரல்லர் என்னும் சொல் மருந்துபோல் இருந்திருக்கும். பொலினீசிய மக்கள் தென்கிழக்காசியாவின் வழியாகக் கிழக்கு நோக்கிக் கடலோடி வந்தவர் என்பதையே மொழியியலும் தொல்லியலும் மரபணு ஆய்வும் காட்டுகின்றன. ஹகோத்தின் கலங்கள் ஹவாயை அடைந்தன என்று நூலும் கூறவில்லை. ஊழியர் சொன்னது நூலின் உரையன்று. அவர்கள் தாமே சேர்த்த விரிவுரை. பிற்காலத்திலே அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்தும் இத்தகைய வினா எழுந்தது. லாமானியரை அவர்களின் 'தலைமையான முன்னோர்' எனக் கூறிய முன்னுரைத் தொடரை, 'முன்னோருட் சிலர்' எனப் பொருள்பட 2006 ஆம் ஆண்டுப் பதிப்பிலே திருத்தினர். முன்னுரையின் அச்சிறு மாற்றத்துக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டு வாதம் நிற்கின்றது.

ஹவாயில் நடந்ததன் அருமை, அதே ஆண்டுகளில் ஆசியாவில் நடந்ததோடு ஒப்புநோக்கின் நன்கு விளங்கும். 1853 ஆம் ஆண்டிலே மோர்மன் ஊழியர் பலர் கல்கத்தாவில் வந்திறங்கிப் பல ஊர்களுக்குப் பிரிந்தனர். அவருள் இருவர் இலங்கைக்கும் வந்து, ஆதரவு கிட்டாமையால் விரைவில் நீங்கினர். சென்னைக்குச் சென்றவருள் ரிச்சட் பலன்ரைன் குறிப்பிடத்தக்கவர். சோல்ட் லேக் நகரில் முதல் ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கியவர் அவரே. சென்னையில் அவர் சிற்றேடுகளும் 1854 ஆம் ஆண்டில் ஒரு மாத வெளியீடும் அச்சிட்டார். யாவும் ஆங்கிலத்தில். கேட்டவரும் பெரும்பாலும் கோட்டைப் படைவீரரும் ஐரோப்பிய அலுவலருமே. தமிழ் மக்கள் ஒரு கடலெனச் சூழ்ந்திருக்க, அக்கடலின் ஓரத்தே நின்று அவர் தம் மொழியினரையே அழைத்தார். அவ்வாண்டிலேயே நோயுற்று ஊர் திரும்பினார். மோர்மன் நூலின் பகுதிகள் தமிழில் வெளிவந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

இனி, ஆங்கிலம் பேசுவோருக்கே அந்நூலை எளிதாக்க எடுத்த ஒரு முயற்சி வேறுவகையில் முடிந்தது. யூட்டா நிலப்பகுதியில் டேனியர், வெல்சு நாட்டார் எனப் பல மொழியினர் வந்து குடியேறினர். ஆங்கில எழுத்துக்கூட்டு முறையின் ஒழுங்கின்மை அவர்களுக்குப் பெருந்தொல்லையாயிற்று. சபைத் தலைவர் பிறிகம் யங் இதற்கு மருந்தாக, ஒலிக்கு ஓரெழுத்தென 38 எழுத்துக்கள் கொண்ட புது நெடுங்கணக்கொன்றை ஆதரித்தார். 'டெசரெற் எழுத்து' என்பது அதன் பெயர். 1869 ஆம் ஆண்டில் மோர்மன் நூல் முழுவதும் அவ்வெழுத்தில் அச்சிடப்பட்டது. கருத்தளவில் இத்திட்டத்திற் குறையில்லை. ஆயின் அதனை எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டிற் கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தி, கிழக்கிலிருந்து புத்தகமும் செய்தித்தாளும் மலிவாய் வந்து இறங்கின. ஊர் முழுதும் பழைய எழுத்திற் படிக்கப் புதிய எழுத்தை எவர் கற்பர்? 1877 ஆம் ஆண்டில் பிறிகம் யங் இறந்ததோடு அம்முயற்சியும் மறைந்தது. அந்த 1869 ஆம் ஆண்டிலேயே நாப்பேலா கடல் கடந்து சோல்ட் லேக் நகருக்கு வந்து பிறிகம் யங்கைச் சந்தித்தார் என்பது சுவையான ஒற்றுமை.

எந்த நடையில் உரைப்பது என்னும் தொல்லை யப்பானிலும் எழுந்தது. செந்தமிழா பேச்சுத் தமிழா என்று வாதிட்டுப் பழகியவர்க்கு இது நன்கு விளங்கும். 1901 ஆம் ஆண்டிலே 19 வயதில் அங்கு சென்ற அல்மா டெய்லர், 1904 ஆம் ஆண்டிலே தொடங்கி 1909 ஆம் ஆண்டில் மோர்மன் நூலை யப்பானிய மொழியில் வெளியிட்டார். மறைநூலுக்குரிய கண்ணியம் கருதிப் பழைய ஏட்டு நடையையே தேர்ந்தார். இக்குத்தா சோக்கோ என்னும் இலக்கிய அறிஞர் அதனைச் செப்பம் செய்தார். அந்நடையோ அப்போதே வழக்கொழியத் தொடங்கியிருந்தது. போருக்குப் பின் வந்த இளையோர்க்கு அது புரியவில்லை. சாத்தோ தாத்சுயி என்னும் யப்பானியர் செய்த புது மொழிபெயர்ப்பு 1957 ஆம் ஆண்டிலும், இக்காலப் பேச்சுக்கு நெருங்கிய வேறொன்று 1995 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று உருவம்! ஆங்கில மூலத்திலும் இலக்கணத் திருத்தங்கள் 1837 ஆம் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டன. 'இயேசு கிறிஸ்துவின் மற்றொரு ஏற்பாடு' என்னும் துணைத்தலைப்பு 1982 ஆம் ஆண்டிற் சேர்ந்தது.

ஹவாய் நூலுக்கு அத்தகைய திருத்தக்காரர் உடனே கிட்டவில்லை. தீவுகளிலேயே அச்சிட எண்ணி ஓர் அச்சியந்திரம் வாங்கப்பட்டது. ஆயினும் கனன் 1854 ஆம் ஆண்டிலே திரும்பிவிட, வேலை சன் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அவ்வாண்டளவில் தீவுகளிற் சபையிற் சேர்ந்தோர் நாலாயிரம் என்பது சபைக் கணக்கு. அவர்கள் வாழ்வில் அந்நூலுக்கு விரைவிலேயே பெரும் பொறுப்பு வந்தது. யூட்டாவில் அரசாங்கத்தோடு பகை மூண்டமையால் 1858 ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க ஊழியர் யாவரும் திருப்பி அழைக்கப்பட்டனர். ஆசிரியர் போயினர், நூல் நின்றது. அந்த இடைவெளியில் வோல்டர் கிப்சன் என்பவன் 1861 ஆம் ஆண்டில் வந்து, சபைத் தலைவன் தானே என நம்பச்செய்து, மக்கள் சேர்த்த பொருளில் வாங்கிய நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டான். ஏமாந்தவரே அவனைப்பற்றிக் கடிதம் எழுதி யூட்டாவுக்கு அறிவித்தனர். 1864 ஆம் ஆண்டில் அவன் சபையினின்று விலக்கப்பட்டான். அவனே பின்னாளில் ஹவாய் அரசின் முதலமைச்சரானான் என்பது வேறு கதை.

1893 ஆம் ஆண்டில் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பாடமொழியாக்கியது. 1905 ஆம் ஆண்டில் 'கா புக்கே ஆ மோரமோனா' இரண்டாம் முறை அச்சேறியபோது, அதனைத் தடையின்றிப் படிக்கும் சிறுவர் தொகை குறைந்துகொண்டே வந்தது. நாப்பேலா வாழ்ந்த காலத்தில் எல்லோர்க்கும் இயல்பாயிருந்த மொழி, ஒரு தலைமுறைக்குள் தாத்தா பாட்டியின் மொழியாயிற்று. கனன் 1900 ஆம் ஆண்டு டிசெம்பரிலே, தாம் முதலில் வந்திறங்கியதன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கென முதியவராய் மீண்டும் தீவுகளுக்கு வந்து, அம்மொழியிலேயே பேசினார். அடுத்த ஆண்டில் இறந்தார்.

நாப்பேலா அவ்விழாவைக் காண இருக்கவில்லை. 1873 ஆம் ஆண்டில் அவர் மனைவி கிற்றிக்குத் தொழுநோய் என அறியப்பட்டது. தொழுநோயாளரை மோலொக்காய்த் தீவின் கலாவுப்பாப்பாவுக்கு அனுப்பி, பிறரோடு சேராமல் வைப்பது அக்காலச் சட்டம். ஒருபுறம் செங்குத்தான மலையும் மறுபுறம் அலைகடலும் அடைத்த இடம் அது. நோயில்லாத நாப்பேலா தம் வீட்டையும் மதிப்பையும் விட்டு மனைவியுடன் அங்கு சென்றார். சில திங்கள் அக்குடியிருப்பின் மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். அவ்வாண்டு மே மாதத்தில் அங்கு வந்த கத்தோலிக்கக் குருவாகிய தாமியனும் அவரும் சமயத்தால் வேறுபட்டும் நண்பராயினர். தம் சபையினரைக் கூட்டி நாப்பேலா தம் மொழியில் வேதம் ஓதிவந்தார். காலப்போக்கில் நோய் அவரையும் பற்றியது. 1879 ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார்; மனைவியும் அவ்வாண்டிலேயே இறந்தார்.

அதே 1879 ஆம் ஆண்டில் இரு நூல்கள் வெளியாயின. ஒன்று, ஒர்சன் பிராட் என்பவர் படிப்போர் வசதிக்காக அதிகாரமும் வசனமும் புதிதாய் வகுத்துக் கொடுத்த மோர்மன் நூற் பதிப்பு. மற்றது, கனன் தம் சபைச் சிறுவர்க்கென எழுதிய 'என் முதல் ஊழியம்' என்னும் சிறு நூல். வைலுக்குவிலே நாப்பேலாவின் அருகில் அமர்ந்து, சில பக்கங்களை விளக்கி, வாசித்து, கருத்துச் சேர்ந்ததா என்று பார்த்த செய்தி அச்சிறு நூலிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது.